எழுவாய் எங்கே?

போர் ஓய்ந்ததும் வாள் உறைக்குள் போகின்றது. நாக்கு வெளியே வருகின்றது. வென்றவனும் பேசுகின்றான், தோற்றவனும் பேசுகின்றான். ஆயினும் தோற்றவன் பேச்சுக்கே கேட்போர் மிகுதி. தோல்வியில் ஒரு துயரம் உண்டு. பிறர் துயரத்தைக் கேட்பதில் ஒரு சுவை உண்டு. அச்சுவைக்கு ஆட்பட்ட செவி, ‘நீ ஏன் அங்குப் போனாய்?’ என்று வினவ மறந்துவிடுகின்றது.

இட்லரின் படையில் நின்று இரண்டாம் உலகப்போரில் பொருத செருமானியப் படைஞர்தம் நினைவுரைகள் எண்பது ஆண்டுகளாக உலகெங்கும் உலவி வருகின்றன. நூலாக வந்தன, திரைப்படமாக வந்தன, இன்று ஒலிவடிவிலும் வருகின்றன. சிலவற்றில் எழுதியவன் பெயர் உண்டு. சிலவற்றில் ‘ஒரு செருமானியப் படைஞன்’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்பாரும் இல்லை. கேட்டு முடித்தவர் வாயினின்று வருவனவோ ஒரே அச்சில் வார்த்தவை: ‘அந்தோ, எத்துணைத் துன்பம்!’, ‘அவனும் ஒரு தாய்க்கு மகன்தானே!’, ‘மேலிடத்தார் செய்த குற்றத்துக்குப் படைஞன் என்ன செய்வான்?’, ‘எத்தகைய ஒழுங்கு, எத்தகைய மறம்!’

இவ்வாறு உருகுவோர் தீயோர் அல்லர். பெரும்பாலும் நெஞ்சில் ஈரமுள்ளோரே. அந்த ஈரத்தையே கைம்முதலாகக் கொண்டு ஒரு பொய் நெடுங்காலம் வணிகம் நடத்தியிருக்கின்றது. அதை உடைத்துக் காட்ட எளிய இலக்கணப் பாடம் ஒன்றே போதும்.

பயனிலை ஒன்று இருந்தால் அதற்கு எழுவாய் ஒன்று இருந்தே தீரும். தமிழில் எழுவாய் தோன்றாமலும் வரும். ஆனால் அது மறைந்து நிற்குமேயன்றி இல்லாமற் போகாது. ‘கொன்றேன்’ என்றால் நான். ‘கொன்றான்’ என்றால் அவன். வினைமுற்றின் ஈறே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். செருமானிய மொழியில் ‘மன்’ என்றொரு சிறுசொல் உண்டு. யாரென்று குறியாது, ‘எவரோ ஒருவர்’ என்னும் பொருளில் எழுவாயின் இடத்தில் நிற்பது அது. அன்றாடப் பேச்சில் அச்சொல் குற்றமற்றது. போர்நினைவில் அது படும் பாட்டைக் காண்க. உறைபனி வரும்போது ‘நாங்கள்’ நடுங்கினோம். பசி வரும்போது ‘நாங்கள்’ வாடினோம். பேனும் சேறும் ‘எங்களைத்’ தின்றன. சிற்றூர் எரியும் இடம் வந்ததோ இல்லையோ, ‘நாங்கள்’ ஓடி ஒளிந்துகொள்ளும். ‘மன்’ வந்து நிற்கும். அல்லது செயப்பாட்டுவினை வந்து நிற்கும். ஊர் எரிக்கப்பட்டது; சிறைப்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டனர்; யூதர்கள் கொண்டுபோகப்பட்டனர். யாரால்? அந்த மூன்றாம் வேற்றுமையைத் தேடி நூல் முழுவதும் புரட்டினாலும் கிடைப்பது அரிது.

தகுதி வழக்கு மூன்று என நம் இலக்கணம் வகுத்தது. நாகரிகம் கருதி மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. முன்னிரண்டும் கேட்பவன் உள்ளம் நோவாமைப் பொருட்டு எழுந்தவை. மூன்றாவது, கூட்டத்துக்குப் புறம்பானவன் அறியாமைப் பொருட்டு எழுந்தது. நாசியர் இம்மூன்றையும் ஒன்றாய்க் கலந்து ஒரு நச்சுமொழி சமைத்தனர். ‘சிறப்பு நடத்தம்’ என்றால் கொலை. ‘இடம்பெயர்ப்பு’ என்றால் நச்சுக்காற்றறைக்குப் போகும் தொடர்வண்டி. ‘துப்புரவு’ என்றால் ஓர் ஊரின் பெண்டிரையும் பிள்ளைகளையும் சுட்டொழித்தல். தம்மை எதிர்த்துப் பொருத நாட்டுப்புறப் போராளிகளைப் போராளிகள் என்றே அழைத்தலாகாது, ‘கொள்ளைக் கூட்டத்தார்’ என்றே அழைக்கவேண்டும் என்று 1942இல் இம்லர் ஆணையிட்டான். ஒருவனைக் கொல்லுமுன் அவன் பெயரைக் கொன்றுவிடுவது எவ்வளவு வாய்ப்பு!

இந்நச்சுமொழியைக் கூர்ந்து கண்டு குறித்துவைத்தவர் விக்டர் கிளெம்பரர் என்னும் யூத மொழிநூற் பேராசிரியர். திரெசுடன் நகரில் வேலையிழந்து, வீடிழந்து, நூலகத்துள் நுழையவும் தடைசெய்யப்பட்டு, யூதரல்லாத மனைவியின் துணையால் உயிர் தப்பியிருந்த அவர், நாள்தோறும் அச்சொற்களை மறைவாக எழுதிவைத்து 1947இல் நூலாக வெளியிட்டார். மொழி கெட்டால் சிந்தை கெடும் என்பதற்கு அந்நூலினும் வலிய சான்று இந்நூற்றாண்டிலும் இல்லை. சென்ற நூற்றாண்டிலும் இல்லை. அவர் குறித்த சொற்களைப் படைத்தலைவர்கள் தம் நினைவுநூல்களில் விட்டொழித்தார்களா? சிலவற்றை விட்டனர்; எஞ்சியவற்றை அப்படியே பெய்து எழுதினர். கேட்டவர்களும் அப்படியே விழுங்கினர்.

ஏன் விழுங்கினர் என்றால், விழுங்கவேண்டிய தேவை கேட்டவர்க்கு இருந்தது.

1950 அக்தோபரில் முன்னாள் செருமானியப் படையலுவலர் சிலர் இம்மரோது என்னும் துறவிமடத்தில் கூடினர். மேற்குச் செருமனிக்கு மீண்டும் ஒரு படை வேண்டும் என்று மேலைநாட்டார் விரும்பிய காலம் அது. அங்கு எழுதப்பட்ட அறிக்கையில் படைக்கலக் கணக்கும் ஆட்கணக்கும் மட்டுமா இருந்தன? செருமானியப் படைஞரை இழித்துரைத்தல் நிற்கவேண்டும். குற்றவாளிகள் எனச் சிறையிலிடப்பட்ட படைஞர் விடுதலை பெறவேண்டும் என்ற வேண்டுகோள்களும் இருந்தன. மூன்று திங்கள் கழித்து, 1951 சனவரியில், மேலைக் கூட்டுப்படையின் தலைவர் ஐசனோவர், செருமானியப் படைஞர் வேறு, இட்லரும் அவன் கூட்டமும் வேறு என்று வெளிப்பட அறிவித்தார். 1952 திசம்பரில் தலைமையமைச்சர் அதெனவர் நாடாளுமன்றத்தில் பழைய படைஞர்க்கு மதிப்புரை நல்கினார். உருசியரை எதிர்க்க ஆள் வேண்டும். ஆளுக்குத் தூய்மைச் சான்று வேண்டும். சான்று அச்சாகிவிட்டது. கேட்பவன் என்ன கேட்க விரும்புகின்றான் என்று தெரிந்தபின் சொல்பவனுக்கு என்ன குறை?

பிரான்சு ஆல்தர் என்பவர் 1938 முதல் 1942 வரை செருமானியத் தரைப்படையின் தலைமைத் திட்டக்காரர். உருசியப் படையெடுப்பைத் திட்டமிட்டோருள் முதல்வர். சிறைப்பட்ட சோவியத்து அரசியல் அலுவலர்களைச் சுட்டுக் கொல்க என்னும் 1941 சூன் ஆணை உருவானதிலும் அவர் அலுவலகத்துக்குப் பங்கு உண்டு. போருக்குப் பின்னர் இவரையே அமெரிக்கப் படையின் வரலாற்றுப் பிரிவு அழைத்து, உருசியப் போரின் வரலாற்றை எழுதுவிக்கும் பொறுப்பைக் கொடுத்தது! நூற்றுக்கணக்கான செருமானியப் படையலுவலர் அவர் மேற்பார்வையில் எழுதிக் குவித்தனர். 1961இல் அமெரிக்க அரசு அவருக்கு விருதும் அளித்தது. தோற்றவன் வரலாற்றைத் தோற்றவனே எழுத, வென்றவன் கூலி கொடுத்த விந்தை உலக வரலாற்றில் இதற்குமுன் நிகழ்ந்ததுண்டா என்பதை வரலாற்றாசிரியர் கூறட்டும்.

இங்கிலாந்தில் நடந்ததோ இதனினும் சுவையுடையது. இலிடல் ஆர்ட்டு என்னும் போர்க்கலை எழுத்தாளர், சிறைப்பட்ட செருமானியப் படைத்தலைவர்களிடம் உரையாடி 1948இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுக்காகப் பரிந்து பேசினார். தகரிப்படைத் தலைவர் குதேரியனின் நினைவுநூல் 1952இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரையும் தந்தார். அந்த ஆங்கில நூலில், தகரிப்போர் முறையைத் தமக்குக் கற்பித்தவர் இலிடல் ஆர்ட்டே என்று குதேரியன் நன்றி பாராட்டும் ஒரு பத்தி உண்டு. செருமானிய மூலத்தில் அப்பத்தி இல்லை! அப்படி ஒரு பத்தியைச் சேர்க்கும்படி கேட்டு எழுதியவர் இலிடல் ஆர்ட்டே என்பது பின்னர் மடல்களால் வெளிப்பட்டது. கேட்பவனே நினைவைச் சொல்லிக் கொடுக்கின்றான். சொல்பவன் அதைத் தன் நினைவாகத் திருப்பிச் சொல்கின்றான். கிளியும் வளர்ப்பவனும் இவ்வளவு ஒற்றுமையாய் வாழ்ந்ததில்லை.

மான்சுடைன் செய்தியும் நோக்கத்தக்கது. 1941 நவம்பர் 20ஆம் நாள் இவர் கையொப்பமிட்ட படையாணை, யூத-போல்செவிக அமைப்பை வேரோடு ஒழிக்கவேண்டும் என்றது. யூதர்மேல் விழும் கடுந்தண்டத்தின் தேவையைப் படைஞர் உணரவேண்டும் என்றது. அடுத்த திங்களே இவர் படையின் கீழிருந்த கிரீமியாவின் சிம்பெரோபோல் நகரில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டனர். கொன்றது நாசியரின் தனிக்கொலைப்படை. இடமளித்தது மான்சுடைனின் படை. நூரம்பர்க்கு முறைமன்றத்தில் அந்த ஆணையை முன்னே நீட்டியபோது, தமக்கு நினைவில்லை என்றார். 1949இல் ஆம்பர்க்கில் பிரித்தானியர் இவருக்குப் பதினெட்டாண்டுச் சிறை விதித்தனர். இவர் வழக்குச் செலவுக்குப் பொருள் திரட்டியபோது பொருளுதவியவருள் ஒருவர் வின்சுடன் சர்ச்சில்! சிறைக்காலம் பன்னிரண்டாகக் குறைந்து, 1953இல் முற்றிலும் நீங்கியது. 1955இல் தம் போர்நினைவுகளை நூலாக்கினார். எந்தப் பாலத்தை எந்த நாளில் எந்தப் பிரிவு கடந்தது என்பதெல்லாம் அந்நூலில் பளிச்சென்று உண்டு. அந்த நவம்பர் ஆணை இல்லை. பாலங்களை நினைவில் வைத்த மூளைக்குப் பிணங்கள் நினைவில் நில்லாமற் போனது என்ன மருத்துவம்?

இனி, வேறுவகைக் கேட்போர் சிலரைக் காண்போம்.

இலண்டனுக்கு வடக்கே திரெண்டு பார்க்கு என்றொரு மாளிகை. 1942 முதல் போர் முடியும்வரை சிறைப்பட்ட செருமானியப் படைத்தலைவர்களைப் பிரித்தானியர் அங்கே வைத்திருந்தனர். நல்லுணவு, மது, உலாவத் தோட்டம், படிக்கச் செய்தித்தாள். நலம் வினவ ஒரு ‘பெருமகனார்’ வேறு. அவர் பெயரும் பொய், பட்டமும் பொய். இவ்வளவு விருந்தோம்பலுக்கும் ஒரு பொருள் இருந்தது. விளக்கிலும் கணப்படுப்பிலும் ஒலிவாங்கிகள் ஒளிந்திருந்தன. கம்பியின் மறுமுனையில், செவிப்பொறி அணிந்து அறைக்குள் அமர்ந்திருந்தவர் யார்? செருமானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, இட்லருக்கு அஞ்சி நாடு துறந்து வந்த ஏதிலியர், பெரும்பாலோர் யூதர். தம் பெற்றோரும் உற்றாரும் என்ன ஆயினர் என்றறியாத இளைஞர். அவர் தாய்மொழியிலேயே, அவர் சுற்றத்தைக் கொன்ற செய்தி அவர் செவிக்குள் வந்து விழுந்தது.

இந்த மாளிகையிலும் இதுபோன்ற வேறு இடங்களிலும் 10,000க்கு மேற்பட்ட செருமானியர் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது. அமெரிக்காவிலும் இதே வேலை நடந்தது. இரண்டு நாட்டு ஏடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,50,000 பக்கம். நெடுங்காலம் பூட்டிக்கிடந்த அவற்றை 2001இல் கண்டெடுத்து ஆராய்ந்தவர் செருமானிய வரலாற்றறிஞர் சொன்கே நைட்செல். 2005இல் படைத்தலைவர் பேச்சுகள் நூலாயின. 2011இல் அரால்டு வெல்சர் என்னும் உளநூலறிஞரொடு சேர்ந்து எழுதிய நூலில் கீழ்ப்படைஞர் பேச்சும் வெளிவந்தது. படித்த செருமானியர் திடுக்கிட்டனர். யாரும் கேட்கவில்லை என்று எண்ணிப் பேசிய இடத்தில் எழுவாய் மறையவில்லை! ‘சுட்டேன்’, ‘சுட்டோம்’, ‘பார்த்தேன்’ என்று தன்மை வினைமுற்றுகள் தடையின்றி வந்தன. வானூர்தியிலிருந்து சாலையில் போவோரைச் சுட்டதைச் சிரிப்போடு சொன்னோரும் இருந்தனர்.

தீத்ரிக்கு வான் கோல்திட்சு என்னும் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். பாரிசு நகரை அழிக்குமாறு இட்லர் இட்ட ஆணையை மீறி அந்நகரைக் காத்தவர் எனப் புகழ்பெற்றவர். 1944 ஆகசுட்டு 25ஆம் நாள் பாரிசில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் நினைவுநூல் எழுதினார். அவரை வைத்து வேறோர் எழுத்தாளர் இணை எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. 1966இல் திரைப்படமும் வந்தது. பார்த்தவர்கள் கண்கலங்கினர். அதே மாந்தர், சிறைப்பட்ட சில நாளிலேயே திரெண்டு பார்க்கில் தம்மொத்த படைத்தலைவர் ஒருவரிடம் சொன்னது ஏட்டில் இருக்கின்றது: தாம் செய்த வேலைகளுள் மிகக் கடியது யூதரை ஒழித்தது என்றும், அந்த ஆணையைக் கடைசிவரை ஒழுங்காக நிறைவேற்றியதாகவும் அவர் சொன்னார். சில வாரம் கழித்து, இக்குற்றத்தில் படைத்தலைவர் அனைவர்க்கும் பங்குண்டு என்று நாணியும் பேசினார். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உலகுக்காக எழுதிய நூலோ பாரிசின் காவலரையே காட்டியது. ஒரே நாக்கு, கேட்பவர் வேறு, ஆள் வேறாய்விட்டார்.

வால்டர் புருன்சு என்ற மற்றொரு படைத்தலைவர் 1945 ஏப்பிரலில் அங்கே பேசினார். 1941 இறுதியில் இரீகா நகரின் புறத்தே உரும்புலாக் காட்டில் இரண்டு நாளில் ஏறத்தாழ 25,000 யூதர் கொல்லப்பட்டனர். குழியின் அளவு என்ன, பெண்டிர் எவ்வாறு வரிசையில் நிறுத்தப்பட்டனர், ஒருவர்மேல் ஒருவராய் எவ்வாறு படுக்கவைத்துச் சுட்டனர் என்பதை அவர் சொல்லச் சொல்லச் செவிப்பொறியின் மறுமுனை எழுதிக்கொண்டிருந்தது.

அந்த ஏதிலியர் என்ன செய்தனர்? எழுந்துபோய் அவர்கள் கழுத்தை நெரிக்கவில்லை. செவிப்பொறியைக் கழற்றி எறியவில்லை. ஒலித்தட்டில் பதிந்தனர், சொல்லுக்குச் சொல் எழுதினர், ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. கொடுஞ்செயல் பற்றிய பேச்சு பதிந்த தட்டுகளை அழிக்காமல், ஆங்கில முதலெழுத்தைச் சிவப்பில் இட்டுத் தனியே வைக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெர்லினில் பிறந்து 1939இல் இங்கிலாந்து வந்த பிரிட்சு இலுசுடிக்கு அவர்களுள் ஒருவர், இசைக்கலைஞர். நல்ல செவி உடையவர் என்பதில் ஐயமென்ன? போர் முடிந்தும் இவர்கள் பல்லாண்டு வாய் திறக்கவில்லை. மறைவு காப்பதாக ஒப்பமிட்டிருந்தனர். இந்த உரைகள் நூரம்பர்க்கு முறைமன்றத்தில் சான்றாக வைக்கப்படவும் இல்லை. வைத்தால் ஒட்டுக்கேட்கும் முறை உலகுக்குத் தெரிந்துவிடுமே! உண்மை பூட்டுக்குள் இருந்த அதே ஆண்டுகளில்தான் பொய் நூலாகி, பதிப்புமேல் பதிப்பாக விற்றது.

‘படைஞர் உரை’ என்று பெயர் சுமந்து வருவன எல்லாம் படைஞர் உரைதாமா என்பது அடுத்த வினா. 1950இல் ‘இசுத்தாலின்கிராடிலிருந்து வந்த கடைசி மடல்கள்’ என்று ஒரு சிறுநூல் செருமனியில் வெளிவந்தது. முப்பத்தொன்பது மடல், பெயரில்லை. முற்றுகைக்குள் சிக்கிச் சாகுந்தறுவாயில் எழுதியனவாம். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் படித்தோரை அழவைத்தது. அவை மெய்யான மடல்கள் அல்ல, போரின்போது செய்தி எழுதியவன் கையாற் புனைந்தவை என்பதே பின்னர் ஆராய்ந்தோர் பலர் கொண்ட முடிவு. அழுத கண்ணீரைத் திருப்பித் தரவா முடியும்? சரி, மடல் பொய்யாயினும் துயரம் மெய்தானே என்பர். மெய்தான். அங்குச் சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில் வீடு திரும்பியோர் 6,000 அளவினரே. ஆனால், அந்தப் படை எது? அது ஆறாம் படை. 1941 செப்டம்பரில் கீவ் நகரைப் பிடித்ததும் அதே ஆறாம் படைதான். அம்மாத இறுதியில் அந்நகரின் பாபி யார் பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 யூதர் சுடப்பட்டனர். கணக்கு, கொன்றவனே எழுதி அனுப்பிய கணக்கு. யூதரெல்லாம் இன்ன இடத்தில் கூடுக என்று சுவரில் ஒட்டிய அறிவிப்பை அச்சிட்டுக் கொடுத்தது ஆறாம் படையின் அச்சுப்பொறி. பனியில் உறைந்த விரல்களுக்காக அழுவோர், அதற்கு ஓராண்டுமுன் அவ்விரல்கள் எங்கிருந்தன என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

கீ சசேர் என்ற புனைபெயரில் பிரெஞ்சில் எழுதி, 1971இல் ஆங்கிலத்திலும் வந்த ‘மறக்கப்பட்ட படைஞன்’ நூலைப் பற்றிய வழக்கு நகைப்புக்குரியது. அல்சாசு நாட்டு இளைஞன் ஒருவன் செருமானியப் படையில் சேர்ந்து உருசியாவில் பட்ட பாட்டைச் சொல்வது அந்நூல். அது மெய்யா புனைவா என்று அமெரிக்கப் படையறிஞர் இருதரப்பாய் நின்று பொருதனர். எதை வைத்துத் தெரியுமா? படைப்பிரிவின் பெயர்ப்பட்டியை இடக்கைச் சட்டையில் தைத்தனர் என்று எழுதியிருக்கின்றான், வலக்கையில் அன்றோ தைப்பது வழக்கம் என்று! சட்டைக்கையை இவ்வளவு நுணுகி நோக்கிய அறிஞர்க்கு, அந்தக் கை என்ன செய்தது என்பதிலும் அந்நுணுக்கம் இருந்திருந்தால் நன்று.

நாட்டின் செவி இப்படியானால் வீட்டின் செவி எப்படி? வெல்சரும் அவர்தம் துணையாய்வாளர் இருவரும் நாற்பது செருமானியக் குடும்பங்களில் தாத்தா பாட்டி, மக்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினரிடமும் பேச்சுக் கேட்டு 2002இல் வெளியிட்டனர். ‘தாத்தா நாசியர் அல்லர்’ என்பது நூலின் தலைப்பு. பேரப்பிள்ளைகள் சொன்ன சொல்லே தலைப்பாயிற்று. பெர்கன்-பெல்சன் வதைமுகாமின் அருகே வாழ்ந்த ஒரு பாட்டி சொன்னாள்: போர் முடிந்தபின் முகாமிலிருந்து விடுபட்டோரை வீட்டில் தங்கவைக்கும்படி ஆணை வந்தது, தனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, வேறு ஆட்களை அறைகளில் நிரப்பித் தப்பித்துக்கொண்டேன் என்று. பேத்தி அதே கதையைச் சொல்லும்போது, பாட்டி முகாமிலிருந்து தப்பியவர்களைத் தன் வீட்டில் ஒளித்துக் காத்தவள் ஆகிவிட்டாள்! பேத்தி பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் கேட்டாள். அன்பு செவியை அடைத்துவிட்டது. தாத்தாக்கள் தாமே வாய்விட்டுச் சொன்ன குற்றமும் பேரப்பிள்ளைகள் செவியில் ஏறவில்லை.

1995 மார்ச்சில் ஆம்பர்க்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று செருமானியப் படையின் குற்றங்களைப் படங்களாகவும் ஆவணங்களாகவும் நாடெங்கும் காட்டத் தொடங்கியபோது இந்த அடைப்பு உடைந்தது. செர்பியா, பெலாருசு, இசுத்தாலின்கிராடு செல்லும் வழியில் ஆறாம் படை, இவை அதன் மூன்று பகுதிகள். பல நூறாயிரவர் வந்து பார்த்தனர். மியூனிக்கில் 1997இல் எதிர்த்து ஊர்வலம் போயினர். நாடாளுமன்றத்தில் சொற்போர் மூண்டது. 1999இல் சார்புரூக்கனில் குண்டு வெடித்தது. சில படங்களில் இருந்த பிணங்கள் செருமானியரால் அன்றி உருசிய மறைகாவலரால் கொல்லப்பட்டோருடையவை என்று போலந்து, அங்கேரிய ஆய்வாளர் இருவர் சுட்டினர். அது நேர்மையான குறை. கண்காட்சியை நிறுத்தினர்; அறிஞர் குழு ஆராய்ந்தது; 1,400க்கு மேற்பட்ட படங்களில் இருபதுக்கும் குறைவானவையே பொருந்தாதவை, அடிப்படைக் கூற்று சரியே என்றது. 2001இல் திருத்திய கண்காட்சி மீண்டும் வந்தது. இருபது படத்தைக் காட்டி எஞ்சிய படங்களை எல்லாம் துடைக்க முயன்றோர் இன்றும் உளர்.

அக்கண்காட்சி 1995 இறுதியில் வியன்னாவுக்கு வந்தபோது, உரூத்து பெக்கர்மான் என்னும் திரைப்பட இயக்குநர் படங்களை விடுத்துப் பார்க்க வந்தோரையே படம் பிடித்தார். முன்னாள் படைஞர், எழுபது கடந்த முதியோர். ஒருவர் ‘இதெல்லாம் பொய்’ என்கின்றார். மற்றொருவர் ‘எங்கள் பிரிவில் இப்படி இல்லை’ என்கின்றார். வேறொருவர், தாம் கண்டதை, குரல் நடுங்கச் சொல்கின்றார். உடனே பழைய தோழர்களே அவர்மேல் பாய்கின்றனர். அரை நூற்றாண்டு உண்மை பேச ஆளில்லாமல் இருந்ததா? பேசியவனைக் கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

நம்மவர்க்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. ஆள வந்தவனை அலறவைத்தவன் என்பதால் அப்பெயர் தமிழில் ‘கெட்டிக்காரன்’ என்னும் பொருளில் சொல்லாகவே நின்றுவிட்டது. அக்கப்பலின் தலைவன், பிடிபட்ட கப்பல்களின் ஆட்களைக் கொல்லாது விட்டவன். அவனைப் பாராட்டுவதில் குற்றமில்லை. ஆங்கிலேயனுக்குப் பகைவன் எவனாயினும் நமக்கு நண்பன் என்னும் அந்தப் பழைய செவியோடு 1941இன் படையையும் கேட்பதுதான் குற்றம். ‘ஒழுங்கு’, ‘கட்டுப்பாடு’ என்று அப்படையை வியப்போர் நம் ஊர்த் திண்ணைகளிலும் உளர். செருமானியர் கைப்பட்ட சோவியத்துப் படைஞர் ஏறத்தாழ 57 நூறாயிரவர். அவருள் 33 நூறாயிரவர் செத்தனர், பெரும்பாலோர் பசியால், பனியால், நோயால். அத்தனை பேரை முள்வேலிக்குள் பட்டினியிட்டுச் சாகடிக்கவும் ஒழுங்கு வேண்டியிருந்தது; கட்டுப்பாடும் வேண்டியிருந்தது.

‘ஆணைக்கு அடங்காவிட்டால் அவனைக் கொன்றிருப்பார்களே!’ என்பது கடைசி விடை. அடங்காதவர்களின் நினைவு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அந்தோன் சிமித்து என்னும் வியன்னாக்காரர் வில்னா நகரில் செருமானியப் படையின் கீழலுவலர். நூற்றுக்கணக்கான யூதரைத் தம் வண்டிகளில் ஏற்றித் தப்பவிட்டார். 1942 ஏப்பிரல் 13இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவிக்கு எழுதிய கடைசி மடல் உண்டு, அது புனைவன்று. அதை நூலாக்கி நாடெங்கும் விற்றார் எவருமில்லை. அவர் மனைவியை அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்தவன் பெண்டாட்டி என்று ஏசினர். 1961இல் எருசலேமில் ஐக்மன் வழக்கு நடந்தபோது அவரால் உதவி பெற்றோருள் ஒருவர் அவர் பெயரைச் சொன்னார். மன்றம் முழுதும் வாயடங்கி நின்றதை அங்கிருந்த அன்னா அரெண்டு என்னும் பெண்ணறிஞர் எழுதியிருக்கின்றார். செருமானிய அரசு ஒரு படைவீட்டுக்கு அவர் பெயரிட 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

படையை விட்டு ஓடியவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. உலுத்விக்கு பௌமான் 1942இல் பிரான்சின் போர்தோ நகரில் படையை விட்டு ஓடிப் பிடிபட்டவர். சாவுத்தண்டம் விதித்தனர். அது சிறைத்தண்டமாக மாற்றப்பட்டதைச் சொல்லாமலே பல திங்கள் சாவறையில் விலங்கிட்டு வைத்திருந்தனர். நாள்தோறும் காலையில் காலடியோசை கேட்கும்போதெல்லாம் தம்மைக் கொல்ல வருகின்றனர் என்றே எண்ணிக் கிடந்தார். போர் முடிந்து வீடு வந்தவரைக் கோழை என்றும் காட்டிக்கொடுத்தவன் என்றும் ஊரார் ஏசினர். மான்சுடைனின் நினைவு நூற்கடைகளை நிறைத்த ஆண்டுகளில் பௌமானின் நினைவைக் கேட்க ஒரு செவி இல்லை. 1990இல், தம்மைப்போல் எஞ்சியிருந்த முதியோர் சிலரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தார். ஊர் ஊராய்ப் பேசினார். நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார். படையை விட்டு ஓடியோர்மீது நாசிப் படைமன்றங்கள் இட்ட தீர்ப்புகளைச் செருமானிய நாடாளுமன்றம் 2002இல் செல்லாதனவாக்கியது. அப்போது பௌமானுக்கு எண்பது வயது. ‘போர்க்காட்டிக்கொடுத்தோர்’ என்று தண்டம் பெற்றோர்க்கு அந்தத் தீர்ப்பு நீங்க மேலும் ஏழாண்டு, 2009 வரை, ஆயிற்று. அதற்குள் அவருள் பெரும்பாலோர் செத்துப் போயிருந்தனர்.